கிறிஸ்துமஸ் சுருள்

பியூலா அக்கா சமையலறை ஜன்னலைச் சாத்திய அன்றுதான் ஷம்ஸியாவுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

பாளையங்கோட்டையில் அவர்கள் இருந்த தெருவில் வீடுகள் நெருக்கம். ஷம்ஸியா வீட்டுச் சுவருக்கும் பியூலா அக்கா வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் சந்து. சமையலறை ஜன்னல்கள் எதிரெதிராக இருந்தன. ஷம்ஸியாவும் அவள் கணவன் மதாரும் மேலப்பாளையத்திலிருந்து அங்கே குடிவந்தபோது மகள் நிலோஃபர் கைக்குழந்தை. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. இத்தனை காலத்தில் அந்த ஜன்னல் மழைக்குச் சாத்தியிருக்கிறது, ஊருக்குப் போகும்போது சாத்தியிருக்கிறது. இந்தப் பக்கம் ஷம்ஸியா நிற்கும்போது சாத்தியதில்லை. புளி போவதும் கடுகு வருவதும் அந்த வழிதான். பியூலா அக்கா தன் வீட்டுக்காரர் இஸ்ரவேல் அண்ணாச்சியைப் பற்றிக் குறைப்படுவதும் அந்த வழிதான்.

அன்று ஷம்ஸியா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலில் அக்காவின் கை தெரிந்தது. இவள் சிரித்தாள். அந்தக் கை கொக்கியை விடுவித்துக் கதவை இழுத்து மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

பார்த்திருக்க மாட்டார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அப்படிச் சமாதானம் ஆகிற மனது அவளுக்கு இல்லை. பள்ளியில் அவள் வேதியியல் ஆசிரியை. ஆய்வகத்தில் பெயர் ஒட்டாத குப்பியைப் பார்த்தால் அது வெறும் தண்ணீராகவே இருந்தாலும் வடிதொட்டியில் கொட்டச் சொல்பவள்.

அக்கா வீட்டில் அந்த வாரம் ஆள் கூடியிருந்தது. மகள் ஃபெபி வந்திருந்தாள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. போய் நாலு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்திருக்கிறாள். வந்த அன்றே சுவரைத் தாண்டி, "சாச்சி!" என்று கூப்பிட்டபடி ஓடி வந்து ஷம்ஸியாவைக் கட்டிக்கொண்டாள். சிறுபிள்ளையில் நிலோஃபரின் சொந்தக்காரப் பிள்ளைகள் சின்னம்மாவை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்கும் அந்த முறை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி வந்தவள் இரண்டு நாளாக எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிதான் வந்தது. பெங்களூர் பஸ்ஸில் வந்த பார்சலாம். ஆட்டோவிலிருந்து அதை இறக்கிய ஃபெபி, தெருவை ஒருமுறை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, புடவைக் கடையில் திருடியவள் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஷம்ஸியா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஷம்ஸியா ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் பச்சடி எடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே போனாள். எப்போதும் போல நேராகச் சமையலறைக்கு நடந்தவளை, நிலைப்படியில் இரண்டு பக்கமும் கைவைத்து பியூலா அக்கா மறித்தாள்.

"வா வா. இங்கனயே உக்காரேன், காத்து வருது."

காற்று வரவில்லை. ஒரு மணம்தான் வந்தது. உப்பும் புகையும் கொழுப்பும் கலந்து கருகுகிற மணம். ஆட்டுக்கொழுப்பு இல்லை, மாட்டுக்கொழுப்பு இல்லை. ஷம்ஸியாவின் மூக்குக்குத் தெரியாத மணம்.

"என்னக்கா மணக்கு?"

"அதுவா... ஃபெபி ஏதோ செஞ்சு பாக்கா. இங்கிலீஷ் பலகாரம்."

"பேரு என்ன?"

பியூலா அக்கா உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஃபெபியின் குரல் கொஞ்சம் வேகமாகவே வந்தது. "சுருள் சாச்சி! கிறிஸ்துமஸ் சுருள்!"

"என்னத்த வச்சுச் செய்யுதிய?"

"மாவுதாம்ட்டி. மாவு, கீவு," என்றாள் பியூலா அக்கா. கழுத்துச் சங்கிலியைப் பிடித்துத் திருகினாள். பொய் சொல்ல வராத பெண் அவள். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம், இல்லை என்று சொல்வதற்குள் சங்கிலி இரண்டு முறுக்கு விழுந்துவிடும்.

ஷம்ஸியா கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

மதாருக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மின்சாரச் சாமான் கடை. அந்த மாதம் முழுவதும் நட்சத்திர விளக்கு விற்றே ஆள் களைத்திருந்தான். ஷம்ஸியா சொன்னதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"ஜன்னல சாத்துனா சாத்திட்டுப் போறாக. அவுக வீட்டு ஜன்னல்."

"மாவுன்னு சொன்னாக. மாவு கருகினா எனக்குத் தெரியாதா?"

"உனக்குச் சந்தேகம் ஒரு வியாதி புள்ள. கல்யாணத்தன்னைக்கு என் சட்டைப்பையில கிடந்த பஸ் டிக்கெட்டுக்கே விளக்கம் கேட்டவ நீ."

"அது நாகர்கோயில் டிக்கெட். நீங்க போனது தூத்துக்குடின்னு சொன்னிய."

மதார் சிரித்தான். அவனுக்குக் கவலை வேறு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இஸ்ரவேல் அண்ணாச்சி வீட்டு விருந்துக்குக் கறி வாங்கித் தருவது அவன்தான். மேலப்பாளையத்தில் தெரிந்த கடையில் நின்று, பிஸ்மி சொல்லி அறுத்த ஆட்டில் தொடையும் நெஞ்சும் பார்த்து வாங்கி வருவான். இவர்கள் குடிவந்த வருடமே அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "நீரே வாங்கிட்டு வாரும் வே. அப்பத்தான் ரெண்டு வீடும் ஒரே பந்தியில உக்கார முடியும்." அந்த ஏற்பாட்டில் அதுவரை ஒரு சுணக்கமும் வந்ததில்லை.

மறுநாள் காலையில் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஷம்ஸியாவின் காதில் அது விழுந்தது. கீழே, அக்கா வீட்டுப் பின்கட்டில், பாத்திரம் தேய்க்கிற இடத்தில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபெபி ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்லிச் சிரித்தாள். போர்வை என்கிற மாதிரி ஒரு சொல். பியூலா அக்கா சிரிக்கவில்லை.

"சிரிக்காதட்டி. தெரிஞ்சா வீடு வீடா இருக்காது. அப்புறம் அவுக மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ஒருநாள் தானம்மா."

"ஒருநாளோ ஒரு நேரமோ. அவுகளுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. சுருள்னே சொல்லு. வாய் தவறிக்கூட வேற பேரு வரப்படாது."

ஷம்ஸியாவின் கையில் மிளகாய் நொறுங்கியது. அவுக. அடுத்த வீட்டுக்காரர்கள் அவுக. இத்தனை வருடமாக அக்கா, தங்கை என்று இருந்துவிட்டு, நாங்கள் 'அவுக' ஆகிவிட்டோம்.

கீழே வந்ததும் கைபேசியை எடுத்தாள். இங்கிலாந்து, கிறிஸ்துமஸ், போர்வை என்று இங்கிலீஷில் தட்டிப் பார்த்தாள். படம் வந்து விழுந்தது. விரல் நீளத்துக்குக் கறி அடைத்த சாசேஜ், அதைச் சுற்றி மெல்லிய சிவப்புப் பட்டையாக இன்னொரு கறி, அடுப்பில் வெந்து பளபளவென்று. கீழே பெயர் போட்டிருந்தது. பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ். போர்வைக்குள் பன்றிகள். உள்ளே இருப்பதும் அதுதான், வெளியே சுற்றியிருக்கிற உப்புப் பட்டை பேக்கனும் அதுதான்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பன்றியை நினைத்து அல்ல. அவர்கள் வீட்டில் அவர்கள் எதையும் சமைக்கலாம், அதற்கு இவளிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பேரை மாற்றி வைப்பானேன்? மாவு என்பானேன்? விருந்தன்று பந்தியில், மட்டனுக்கும் கோழிக்கும் நடுவே, 'கிறிஸ்துமஸ் சுருள்' என்று ஒரு தட்டு வரும். நிலோஃபர் புதிது எதைக் கண்டாலும் முதலில் கை நீட்டுகிறவள்.

சந்தேகம் அதோடு நிற்கவில்லை. முன்னால் போகத் தெரிந்ததற்குப் பின்னால் போகவும் தெரிந்திருந்தது. போன வருடம் விருந்தில் கட்லெட் இருந்தது. மொறுமொறுவென்று நன்றாக இருக்கிறது என்று இவளே கேட்டு வாங்கி இரண்டாவதும் தின்றாள். அதற்கு முந்தின வருடம் ஏதோ ஒரு பஃப்ஸ். ஃபெபி படிக்கப் போன வருடம் அவளுடைய தோழி ஒருத்தி கொண்டுவந்த ஊறுகாய். என்ன ஊறுகாய் என்று கேட்டோமா? ஒவ்வொரு கிறிஸ்துமஸாகப் பின்னோக்கி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தட்டு மூடியிருந்தது போலத் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் பலகாரத் தட்டு வந்தது. ஃபெபிதான் கொண்டுவந்தாள். அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், கேக், அண்ணாச்சியின் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த மஸ்கோத் அல்வா. சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துருங்க சாச்சி," என்றாள். முகத்தில் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போகிற தயக்கம் இருந்தது. ஷம்ஸியாவுக்கு அதுவும் கள்ளமாகவே பட்டது.

நிலோஃபர் கேக்கில் கைவைத்தாள்.

"வைக்காத."

"ஏம்மா?"

"வைக்காதன்னா வைக்காத."

"பெரியம்மா வீட்டுக் கேக்கும்மா!"

ஷம்ஸியா தட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நிலோஃபர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பார்வைதான் ஷம்ஸியாவைக் கிளப்பியது. மனசுக்குள் வைத்துப் புழுங்குவதைவிட நேரே கேட்டுவிடுவது மேல். தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பியூலா அக்கா முன்னறையில் உட்கார்ந்து குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஆலயத்தில் பாடகர் குழு ஒத்திகைக்குப் போயிருந்தார். தட்டு நிறைந்தபடியே திரும்பி வந்திருப்பதைப் பார்த்ததும் அக்காவின் கை நின்றது.

"என்னட்டி இது?"

"நீங்களே வச்சுக்கோங்கக்கா."

"ஏன்? புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தச் சுருளுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அக்காவின் கை சங்கிலிக்குப் போனது. ஷம்ஸியா நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

"நீங்க எதையும் சமைச்சுக்கோங்க, எதையும் தின்னுங்க. நான் கேக்கல. எங்கிட்ட மாவுன்னு ஏன் சொன்னிய? போன வருசம் ஒரு கட்லெட் வச்சியளே, அதுல என்ன கிடந்துச்சு?"

பியூலா அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை. முகம் சுருங்கி, வயது கூடின மாதிரி ஆனது.

"அந்தக் கொத்துக்கறிய வாங்கிட்டு வந்ததே உன் மாப்பிள்ளைதானட்டி," என்றாள் மெதுவாக. "கட்லெட்டுக்குன்னு தனியாக் கொத்தச் சொல்லி, மஞ்சத்தூள் தடவி, தூக்குல வச்சுக் கொண்டுவந்து தந்தான். நீதான் அடுப்படி ஜன்னல் வழியா நீட்டின."

ஷம்ஸியாவுக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூக்குவாளியின் காது இளகிப்போயிருந்ததுகூட ஞாபகம் வந்தது.

"அக்கா..."

"கேட்டுட்டியே."

ஃபெபி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். கையில் மாவோ எண்ணெயோ இல்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சாச்சி, உங்களுக்கு மறைக்கல. உங்ககிட்ட முதல்லயே சொல்லிரலாம்னு நான் அம்மாகிட்ட சொன்னேன். அதுக்குன்னு புதுசா ஒரு சட்டி வாங்கியிருக்கேன், தனி கரண்டி, தனி அடுப்பு. வீட்டுப் பாத்திரம் ஒண்ணுலயும் படல. உங்க வீட்டுப் பக்கம் வாடை வரப்படாதுன்னுதான் ஜன்னல சாத்தச் சொன்னேன்."

"அப்ப அவுகளுக்குத் தெரியக்கூடாது, அவுக மூஞ்சில முழிக்க முடியாதுன்னு பேசுனது?"

பியூலா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அதையும் கேட்டியா? ஏட்டி, நான் என் ஆயுசுல வேற யாரட்டி 'அவுக'ன்னு சொல்லியிருக்கேன்?"

உண்மைதான். புருஷன் பேரை பியூலா அக்கா சொன்னதே இல்லை. அவுக சாப்பிட்டாக, அவுக தூங்குதாக, அவுகளுக்குக் காப்பியில சீனி கூடிப்போச்சு. அந்த ஜன்னல் வழியாகவே ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள்.

"அவுகளுக்கு அது ஆகாது," என்றாள் அக்கா. "எங்க ஆளுகள்ல ஒண்ணு ரெண்டு பேரு தின்பாக. அவுக முன்னால அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஒருக்கா கல்யாண வீட்டுல யாரோ சொன்னாகன்னு பந்தியிலேர்ந்து எந்திரிச்சு வந்துட்டாக. ஏன்னு எங்கிட்டகூடச் சொன்னதில்ல. இவ வந்து அதுதான் வேணும்னு நிக்கா. நான் என்ன செய்ய? உங்கிட்ட சொன்னா மதார் வழியா அவுக காதுக்குப் போயிரும், பேர மாத்தி வச்சு ஒருநாள் ஒப்பேத்திரலாம்னு நினைச்சேன்."

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள். இஸ்ரவேல் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பாட்டுப் புத்தகம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறவர். குரலை உயர்த்திப் பேசி ஷம்ஸியா கேட்டதில்லை.

"என்ன ஒப்பேத்தணும்?"

பியூலா அக்காவின் கை மறுபடியும் சங்கிலிக்குப் போனது.

"ரெண்டு நாளாப் பாக்கேன். கதவச் சாத்துதிய. நான் வந்தா பேச்ச நிறுத்துதிய. இவ போன்ல சிரிக்கா. சுருள் சுருள்னு குசுகுசுன்னு ஒரே பேச்சு." பாட்டுப் புத்தகத்தால் மகளைச் சுட்டினார். "எனக்குத் தெரியாதா? அங்கன எவனையோ பாத்து முடிச்சாச்சு. மாப்பிள்ளைக்குச் சுருள் வைக்க நாள் பாக்கிய. அப்பங்கிட்ட கடைசியாச் சொல்லிக்கலாம், அப்படித்தான?"

ஃபெபி வாயைப் பிளந்தாள். ஷம்ஸியாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வெற்றிலையோடு வைத்துக் கொடுக்கிற பணத்துக்குச் சுருள் என்றுதான் பெயர். அந்த மனுஷன் இரண்டு நாளாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்திருக்கிறார்.

"மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லப்பா," என்றாள் ஃபெபி. "பன்னிக்கறி. சாசேஜ்ல பேக்கனைச் சுத்தி வச்சிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சா கோவிப்பியன்னு சுருள்னு பேரு வச்சோம்."

"பன்னியா?"

"ஆமாப்பா."

"பன்னி மட்டும் தானா?"

அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் மூச்சு விட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பியூலா அக்காவுக்கும் சிரிப்பு தொற்றியது. ஆனால் அது பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அண்ணாச்சியின் சிரிப்பு நின்றபோது அவர் கண்ணில் ஈரம் இருந்தது. அது சிரிப்பில் வந்த ஈரம் மட்டும் இல்லை.

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல தண்ணிப் பானை ஒண்ணு இருக்கும்," என்றார். "நான் கிட்டப் போனா, பன்னி திங்கிறவன் தொடாதலேம்பானுவ. எங்க வீட்டுல ஆட்டுக்கறியே கிறிஸ்துமஸுக்குத்தான். பன்னிய நான் தட்டுல கண்டதே கிடையாது. ஆனா அதுதான் எம் பேரு. வாத்தியாரும் சேந்து சிரிப்பாரு. இஸ்ரவேல்னு கூப்பிட ஒருத்தன் இல்ல அங்கன." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அன்னையிலேர்ந்து அந்தச் சொல்லு காதுல விழுந்தா எனக்குத் தொண்டையில சோறு இறங்காது."

இத்தனை வருடம் கூட வாழ்ந்த பியூலா அக்கா அதை முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"தூரப் போட்டுருதேன்ப்பா," என்றாள் ஃபெபி. "எனக்கு வேண்டாம்."

"இரு. உனக்கு எதுக்கு அது அவ்வளவு வேணும்னு ஆச்சு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். போன முதல் வருடம், கிறிஸ்துமஸன்று அவளுக்கு முதியவர்கள் வார்டில் வேலை. வீட்டுக்குப் போன் போட்டால் இணைப்பு கிடைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவுகிற ஸ்காட்லாந்துக்காரி ஒருத்தி ஒரு தட்டை அவள் முன்னால் தள்ளி வைத்தாள். பேரும் சொன்னாள். தன் ஊரில் இதற்குப் பாவாடை கட்டின பட்டாளத்தான் என்று பெயர், இந்த ஊர்க்காரர்கள் போர்வைக்குள் பன்றி என்பார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். அடுத்தடுத்த வருடங்களிலும் அந்தப் பெண்தான் தட்டைக் கொண்டுவந்தாள். "அங்கன எனக்குக் கிறிஸ்துமஸ்னா அதுதான்ப்பா. நம்ம வீட்டுலயும் ஒருக்கா அது இருக்கணும்னு தோணிச்சு."

அண்ணாச்சி பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஷம்ஸியா கிளம்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள்.

"செய்யி," என்றார் கடைசியில். "நான் தின்ன மாட்டேன். அந்தப் பக்கமும் வர மாட்டேன். ஆனா சுருள்னு சொல்லாத."

"அப்ப பட்டாளத்தான்னு வைக்கவாப்பா?"

"அதுலயும் பன்னி ஒளிஞ்சில்லா இருக்கு. அந்தப் பேர நம்பி எவனும் தெரியாமத் தின்னுரப்படாது. தெரியாமத் தின்னவன் பாவமும் வேண்டாம், தின்னாதவன் மேல பழியும் வேண்டாம். நல்லாக் கொட்டை எழுத்துல எழுதி வையி." பிறகு ஷம்ஸியா பக்கம் திரும்பினார். "என்னம்மா தங்கச்சி, நீ டீச்சர். தமிழ்ல என்னன்னு எழுதலாம்?"

ஷம்ஸியா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "போர்வைக்குள் பன்றின்னே எழுதலாம் அண்ணாச்சி."

"போர்வைக்குள்ளன்னா ஏதோ தூங்குத மாதிரி இருக்கு. மார்கழிக் குளிருக்கு இழுத்துப் போத்தியிருக்குன்னு வையேன். இழுத்துப் போர்த்திய பன்றி." தானே சொல்லிவிட்டு, அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு காப்பி கேட்டார்.

மறுநாள் விருந்தில் அக்கா வீட்டு வாசல் மாமரத்தடியில் தனியாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன்மேல் புதுச் சட்டி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் அட்டை. சபை ஆட்கள் அட்டையைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பாதிரியாரின் மனைவி ஐயரம்மா, "படம் புடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுப் பிடித்துக்கொண்டாள், தொடவில்லை. கமிட்டிக்கார அப்பாத்துரை மட்டும் மேசையை விட்டு நகராமல் நின்று, "என்ன போர்வை, என்ன போர்வை," என்று சொல்லிச் சொல்லித் தின்றார். ஃபெபி ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்று மெதுவாகத் தின்றதை அவள் அப்பா வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாடகர் குழுவினர் பக்கம் போய்விட்டார்.

மதார் கொண்டுவந்த கறியில் செய்த பிரியாணி உள்ளே முன்னறையில். இரண்டு வீடும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்தது. நிலோஃபர் அட்டையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கேக்கை ஏன் தொடக்கூடாது என்றாய் என்று அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே ஷம்ஸியாவுக்குக் கனத்தது.

பியூலா அக்கா பரிமாறினாள். ஷம்ஸியாவின் இலைக்கும் வந்தது, மற்றவர்களுக்கு வைத்த அளவு வைத்தாள். இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று வற்புறுத்துகிற கை அன்று வற்புறுத்தவில்லை.

எல்லோரும் கிளம்புகிற நேரம் ஷம்ஸியா சமையலறைக்குப் போனாள். அக்கா ஒரு அடுக்குப் பாத்திரத்தில் அவர்கள் வீட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அக்கா திரும்பவில்லை. பாத்திரத்தின் மேலடுக்கைத் திறந்து காட்டினாள்.

"இது பிரியாணி. மதார் வாங்கின கறி, சீரகச்சம்பா, நெய், தயிரு. இது கோழி. அதுவும் அவன் வாங்கினதுதான்."

"அக்கா, போதும்."

"இருட்டி. இது கேக்கு. முட்டை, வெண்ணெய், முந்திரி, பழம். சாராயம் போடல. பழத்த ஆரஞ்சுச் சாறுல ஊறப் போட்டேன். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான் போடுதேன், நிலோஃபருக்காக. இது தயிர்ப் பச்சடி."

குரலில் குத்தல் இருந்ததா, பாசம் இருந்ததா என்று ஷம்ஸியாவுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்க வேண்டும். அவள் மறுபடி தடுக்கவில்லை. ஒவ்வொரு அடுக்காக அக்கா திறந்து சொல்லச் சொல்ல, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்று, கடைசி அடுக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டாள்.